"பரவாயில்லை" என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள்

நெஞ்சு கிளினிக்கில் நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு நோயுள்ள ஒருவரிடம் "எப்பிடி அம்மா இருக்கிறியள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை. முன்பு கிணற்றில் தானே அள்ளிக் குளித்தவர், இப்போது மகள் வாளியில் நிறைத்து வைத்தால்தான் குளிக்கிறார். கோயில் வீதி சுற்றுவதையும் விட்டாயிற்று. நடமாட்டத்தைச் சுருக்கினால் மூச்சு முட்டுவது தெரியாதுதானே! கொப்பியில் "முட்டு இல்லை" என்று பதிவாகும், பழைய மருந்தே தொடரும்.

"முந்திச் செய்த வேலையில இப்ப எதை விட்டிட்டியள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மாரடைப்பு வந்தவர் நாளும் நேரமும் சொல்வார். நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு நோய்க்குத் தொடக்கம் தெரியாது. காவோலையும் பொச்சும் எரித்த அடுப்படிப் புகை, சுருட்டு, மாரிச் சளி என்று வருடக்கணக்கில் சேர்ந்து வந்தது. அதனால் கேட்டு எடுக்க வேண்டும். நியூயோர்க்கில் மருத்துவர் ரீட்டா சாரோன் வளர்த்தெடுத்த கதைவழி மருத்துவம், அதாவது நோயாளி சொல்லும் கதையைக் கவனித்துக் கேட்டுச் செய்யும் மருத்துவம், இதைத்தான் வலியுறுத்துகிறது. இதை ஆறுதல் வார்த்தை என்று ஒதுக்குவது பெரும் தவறு. நோயை அறிகிற வழியே இதுதான்.

"காத்து உள்ள போகுது, வெளிய வருகுதில்லை" என்று ஒருவர் சொன்னால், காற்று உள்ளே சிக்குவதை அவரே சொல்லிவிட்டார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதப் பழக்குங்கள். "படுத்தா முட்டுது" என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் "மூச்சுத்திணறல்" என்று எழுதினால் வேறுபாடு அழிந்துபோகும். சொன்னபடியே எழுதுங்கள்.

நேரமில்லை என்பார்கள். சுவிற்சர்லாந்தில் 2002இல் வெளியான ஆய்வில், குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 செக்கனில் பேசி முடித்தார்கள். எங்கள் நோயாளிக்கு மூச்சு வாங்குவதால் கொஞ்சம் கூடலாம். இடையில் நிற்கும்போது வசனத்தை நாங்கள் முடித்து வைக்கக்கூடாது, கூட வந்த மகனும் முந்தக்கூடாது. ஆனால் ஒரு மூச்சில் இரண்டு சொல்லுக்கு மேல் வராதவரிடம் கதை கேட்க நிற்காதீர்கள். உடனே நெபுலைசர், தேவையென்றால் இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு 88 முதல் 92 வீதத்தில் நிற்கும் அளவுக்கு ஒட்சிசன்.

"மருந்து போடுறன்" என்பதையும் அப்படியே விடாதீர்கள், "எடுத்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பொடியாக உறிஞ்சுகிற கப்ஸ்யூலை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொடியை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்; அழுத்தி அடிக்கிற பம்பை மெதுவாக. பலர் மாறிச் செய்கிறார்கள். "பம்ப் பழகினா விடேலாது" என்ற பயத்தில் நாளும் அடிக்க வேண்டியதை முட்டு வரும்போது மட்டும் அடிக்கிறவர்களும் உண்டு.

அடுத்த கிளினிக்கில் கொப்பியைத் திறந்ததும் முதல் கேள்வி: "இப்ப எத்தனை வாளி அள்ளுறியள் அம்மா?"