ஐந்து லட்சமும் ஒரு மோதிரமும்

ஜூலியஸ் சீசர் விமர்சனத்தைத் தாங்கிக்கொண்ட பெரிய மனசுக்காரர் என்று காட்ட, லாபெரியுஸ் கதையை எடுத்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டெசிமுஸ் லாபெரியுஸ் ரோமில் மைம் நாடகங்கள் எழுதியவர். மைம் என்றதும் வாய் பேசாமல் கையாட்டுவதை நினைக்காதீர்கள். ரோமானிய மைமில் வசனம் உண்டு, முகமூடி கிடையாது, பெண் வேஷத்தைப் பெண்களே கட்டினார்கள். பச்சையான நையாண்டி. எழுதினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மேடையேறினால் மானம் போச்சு. அதுவும் அவர் செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த ஈக்விட்டஸ் வகுப்புக்காரர்.

கி.மு. 46இல் அறுபது வயது லாபெரியுஸை, தன் விழாவில் நீயே நடி என்றார் சீசர். சர்வாதிகாரி கேட்டால் மறுக்கவா முடியும்? ஈக்விட்டஸாக வீட்டைவிட்டுக் கிளம்பினேன், கூத்தாடியாகத் திரும்பப்போகிறேன் என்று முன்னுரையிலேயே புலம்பித் தீர்த்தார். பிறகு சவுக்கடி பட்ட சிரிய அடிமை வேஷத்தில் வந்து, “ரோமானியரே, நம் சுதந்திரம் போச்சு!” என்று கத்தினார். (அந்த விழாவில் மைம் போட்டியில் எதிரே நின்ற நடிகர் பப்லிலியுஸ் சைரஸ் சிரியாவிலிருந்து அடிமையாக வந்தவர். அந்த வேஷத்தில் அவருக்கும் ஒரு குத்தல் இருந்ததாகப் படுகிறது; அது எனக்கு ரசிக்கவில்லை.) அடுத்து இன்னொரு வரி: “பலரை அஞ்சவைப்பவன் பலருக்கு அஞ்சித்தான் ஆகவேண்டும்.” மொத்தக் கூட்டமும் திரும்பி சீசரைப் பார்த்தது என்று எழுதுகிறார் பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியுஸ்.

சீசர் கோபப்படவில்லை, சிரித்தார். வெற்றியை பப்லிலியுஸுக்குக் கொடுத்துவிட்டு, லாபெரியுஸுக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களும் தங்க மோதிரமும் தந்தார். மோதிரம், மேடையேறியதால் போன ஈக்விட்டஸ் அந்தஸ்து திரும்பியதற்கு அடையாளம். அந்த வகுப்பில் இருக்கத் தேவைப்பட்ட சொத்தே 4 லட்சம்தான். கணக்குப் பாருங்கள். மானத்தை வாங்கியவரும் இவரே, திருப்பித் தந்தவரும் இவரே, மேலே ஒரு லட்சம் டிப்ஸ்! இதைப் பெருந்தன்மை என்றால் எப்படி? ஒன்றரை நூற்றாண்டு முந்தி, பிரபுக்களைக் கிண்டலடித்ததற்காக நாடகக் கவிஞர் நேவியுஸைச் சிறையில் போட்டார்கள் என்பார்கள். அதிலாவது யார் எதிரி என்று பளிச்சென்று தெரிந்தது.

சீசரைவிட எனக்கு ஆத்திரம் மற்ற ஈக்விட்டஸ்கள் மீது. மோதிரத்தோடு வந்தவருக்கு உட்கார இடம் விடாமல் அப்படியே இருந்தார்கள். செனட்டர் வரிசையிலிருந்து புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ வேறு, “இங்கேயே நெருக்கடி, இல்லாவிட்டால் இடம் தந்திருப்பேன்” என்றார். சீசர் செனட்டில் ஆள் திணித்ததற்கும் சேர்த்து ஒரு இடி. உள்நாட்டுப் போரில் மோதிய தளபதி பாம்பேக்கும் சீசருக்கும் நடுவே ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருந்த மனிதர் அவர். லாபெரியுஸ் விடுவாரா?

“ஆச்சரியம்தான். நீங்கள் வழக்கமாக இரண்டு ஆசனத்தில் உட்காருபவராயிற்றே!”