மறுநாளே நடக்கவிடுவது கட்டிலைக் காலி பண்ணவா?

"எல்லாருக்கும் ஒரே தாளை வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள், ஆபரேஷன் முடிந்த மறுநாளே கிழவியை நடக்கவிடுவது கட்டிலைக் காலி பண்ணத்தான்" என்று இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷனைப் பற்றி அண்ணாச்சி ஒருவர் இங்கே எழுதியிருப்பது தவறு. அவர் சொல்லும் தாள், எந்த நாளில் நோயாளிக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பட்டியல்.

இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களை அப்படியே படுக்கப் போட்டால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால்தான் இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2011-லேயே, சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன், அதற்கு அடுத்த நாளே எழுப்பி நடக்க வைப்பது என்று வழிகாட்டியது. உடம்பு இடம் கொடுக்காவிட்டால் விலக்கும் உண்டு.

தக்கலையில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த என் அத்தைக்கு, ஆபரேஷனுக்கு மறுநாள் பிரஷர் இறங்கிவிட்டது. நர்ஸ் அதே தாளில், "இன்று நடை இல்லை, உட்கார மட்டும்" என்று காரணத்தோடு எழுதினார். அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்து நாலே அடி. அதற்குள் அத்தைக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது!

நம்ம ஊர் எலும்பு வைத்திய ஆசான்மார் கைமுறிவுக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதைப் பார்த்துப் பழகியதால் இந்தச் சந்தேகம் வருகிறது போல. இடுப்புக்கு அந்தக் கணக்கு சரிவராது. அப்புறம், ஆளைப் பார்க்காமலே டிக் அடித்துவிட்டுப் போகிற இடங்களும் உண்டு. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.