புர்கினா ஃபாசோ வானொலி ஆய்வு: பாதி உண்மைதான்

"புர்கினா ஃபாசோவில் ரேடியோ விளம்பரம் போட்டே குழந்தை இறப்பைக் குறைத்ததை நிரூபித்துவிட்டார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் நடந்த ஆய்வு நிரூபித்தது அதை இல்லை. 14 உள்ளூர் வானொலிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 7 இடங்களில் மட்டும் 2012 முதல் 2015 தொடக்கம் வரை நோயுற்ற குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும் ஒரு நிமிட விளம்பரங்களை அந்தந்த ஊர் மொழியிலேயே நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்கள். இறப்பு குறைந்தது உண்மை, ஆனால் விளம்பரமே போகாத 7 பகுதிகளிலும் குறைந்தது. இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கணக்கெடுப்பில் தெரியவில்லை. "இத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன" என்று சுற்றும் எண்ணிக்கை கணித மாதிரியில் மதிப்பிட்டது, எண்ணிப் பார்த்தது கிடையாது.

அதற்காக வானொலி வேஸ்ட் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் வருடத்தில், விளம்பரம் கேட்ட பகுதிகளில் மலேரியாவுக்காகக் குழந்தைகளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தது சுமார் 56%, வயிற்றுப்போக்குக்கு 73% கூடியது (எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது). அப்புறம், விளம்பரம் போன பகுதிகளில் தொடக்கத்திலேயே குழந்தை இறப்பு அதிகம், அதனால் ஒப்பீடே கொஞ்சம் சிக்கலானது. தாயைக் கிளப்பி அனுப்புவது வரைதான் ரேடியோவின் வேலை, போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்து இருக்கிறதா என்பது வேறு கதை.