மூன்றாம் கை ரயிலும் நமுத்துப்போன பிஸ்கட்டும்

'ஜப்பான்காரன் பழைய ரயில் பெட்டியைக்கூட வீணாக்குவதில்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு படம் இரண்டு நாளாகச் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். படத்தில் இருப்பது சோஷி மின்ரயில். ஒருமுறை அதில் ஏறி இறங்கியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். அது சிக்கனம் இல்லை, கையில் காசில்லாத கதை. அந்தக் காசில்லாத கதைக்குள் எவ்வளவு கைவேலை இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

சோஷி, டோக்கியோவுக்குக் கிழக்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மீன்பிடி ஊர். 1923இல் தொடங்கிய இந்த ரயில் பாதையின் மொத்த நீளமே 6.4 கிலோமீட்டர். 10 நிலையங்கள். பெரிய ரயில் நிற்கும் பிளாட்பாரத்திலேயே கடைசிவரை நடந்து போனால், அதன் நுனியில் இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டிருக்கும். டிக்கெட்டை வண்டிக்குள் கண்டக்டர் வந்து கொடுத்தார். அடுத்த நிலையமான நாகனோச்சோவில் சோயா சாஸ் ஆலை. பக்கத்திலேயே இவர்களுடைய பணிமனை. கதவு திறந்ததும் மூக்கில் ஏறுவது சாஸ் வாசனை.

நான் ஏறிய வண்டி 2000 வகை. ஊருக்குப் புதுசு, உலகத்துக்குப் பழசு. 1959இல் டோக்கியோவின் கேயோ நிறுவனம் ஓடவிட்ட ரகம் அது. அங்கே ஓடித் தேய்ந்தபின் ஷிகோகு தீவின் மாத்சுயாமாவில் இருக்கும் இயோ ரயிலுக்குப் போனது. 2010இல் அங்கிருந்து சோஷிக்கு வந்தது. ஆக, மூன்றாம் கை.

கை மாறுவது என்றால் லாரியில் ஏற்றி இறக்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். கேயோவின் தண்டவாள அகலம் 1,372 மில்லிமீட்டர். இயோவில் 1,067. அப்படியே கொண்டுபோனால் வண்டி தண்டவாளத்தில் உட்காராது. சக்கரங்களையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் மொத்தமாக மாற்றியாகவேண்டும். கேயோவில் மின்கம்பியில் ஓடியது 1,500 வோல்ட், சோஷியில் ஓடுவது 600. நீளமான ரயிலின் நடுப்பெட்டியாக இருந்ததற்கு ஓட்டுநர் அறையே கிடையாது, அதையும் புதிதாகக் கட்டவேண்டும்.

அப்படிக் கட்டிய முகத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியின் ஒரு முனையில் கேயோ காலத்து முகம், சரிந்த இரண்டு பெரிய கண்ணாடிகளோடு அழகாக இருக்கிறது. மறு முனை மாத்சுயாமாவுக்காக ஒட்டவைத்தது. தட்டையாக, நடுவில் ஒரு கதவோடு, பெட்டியை வெட்டி மூடியதுபோல. யாரோ ஒரு வெல்டர் அளந்து, வெட்டி, ஒட்டி, தேய்த்திருக்கிறார். ஒரே வண்டிக்கு இரண்டு முகங்கள்.

இதற்கு முன்பு ஓடியவை இன்னும் விசித்திரம். டோக்கியோவின் கின்ஸா சுரங்கப் பாதையில் மேலே மின்கம்பி கிடையாது, தண்டவாளத்தின் ஓரத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பார்கள். அந்த மாதிரிப் பெட்டிகளைக் கொண்டுவந்து, சக்கரம் மாற்றி, தலையில் மின்கம்பியைத் தொடும் கையைப் பொருத்தி, 1994 முதல் சோஷியில் ஓட்டினார்கள். ஆயுளெல்லாம் பூமிக்கடியில் ஓடிய வண்டிக்கு வயதான காலத்தில் வெயிலும் முட்டைக்கோஸ் வயலும்!

சரி, இதற்கெல்லாம் பணம்? 2006இல் ரயிலின் கட்டாயப் பரிசோதனைக்கே காசில்லை. 'ரயிலைப் பழுதுபார்க்கும் பணத்தை நாங்கள் சம்பாதித்தாக வேண்டும், எங்கள் நூரே செம்பே வாங்குங்கள்' என்று தங்கள் இணையதளத்தில் எழுதினார்கள். நூரே செம்பே என்றால் சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி எடுத்த அரிசி பிஸ்கட். நம் பாஷையில் நமுத்துப்போனது, அதுதான் அதன் பதம். ஆர்டர்கள் குவிந்தன, ரயில் பிழைத்தது. 2018இல் 'மஸுயி போ' என்று ஒரு தின்பண்டம் விட்டார்கள். மஸுயி என்றால் ருசி மோசம், நிலைமை மோசம் என்று இரண்டு பொருளும் உண்டு. தன் திவால் நிலைமையை உறையில் அச்சடித்து விற்கும் கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்குள்ள பயம் வேறு. பெரிய கம்பெனிகளின் புதுப் பெட்டிகள் பெரும்பாலும் 20 மீட்டர் நீளம். குட்டிப் பாதைகளின் வளைவுக்கும் பிளாட்பாரத்துக்கும் 17, 18 மீட்டர்தான் வசதி. அந்த அளவில் ஓய்வுபெறும் வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. போதாததற்கு, டோக்கியோவின் பெரிய கம்பெனியான சேய்புவே, இன்னொரு ரயில் கம்பெனியான ஒடாக்யூவின் பழைய ரயிலை வாங்கி 2025இல் ஓடவிட்டிருக்கிறது. பணக்காரன் பழைய சந்தைக்குள் வந்தால் ஏழைக்கு என்ன மிஞ்சும்?

சோஷிக்கு 2024இல் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. ஒசாகா பக்கத்து நான்காய் நிறுவனத்தின் 17 மீட்டர் வண்டி கிடைத்தது. 1969இல் கோயா மலைக்காகச் செய்தது, 1,000 மீட்டருக்கு 50 மீட்டர் ஏறும். அதை இன்னும் பார்க்கவில்லை.

நான் போன அன்று கடைசி நிலையமான தொகாவாவில் ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வண்டிக்குள்ளேயே மறு முனைக்கு நடந்தார். வந்தது ஒரு முகத்தோடு, திரும்பிப் போனது இன்னொரு முகத்தோடு. நான் நமுத்துப்போன பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அதே வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.