உக்கிராணக்காரன் என்றால் ஸ்டோர் கீப்பர்

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பனியில் 19 வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், டின் மீன், பால்மா. வெள்ளவத்தையில் 100 பஸ்ஸைப் பிடித்தால் ஏழரைக்குள் கதவைத் திறந்துவிடலாம். எனக்கு முன்பே மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன ஞாயிறு எங்கள் சபையில் உக்கிராணத்துவ ஞாயிறு. காணிக்கை உறை கொடுத்தார்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிற தசமபாகம் பற்றிப் பிரசங்கம் நடந்தது. பிரசங்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிந்து வெளியே தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, உக்கிராணத்துவம் என்றால் சபைக்குக் காசு கொடுக்கிறதுதானே?" அந்த இடத்தில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உக்கிராணம் என்பது களஞ்சிய அறை. பழைய பெரிய வீடுகளில் நெல்லும் எண்ணெயும் பாத்திரங்களும் வைக்கும் அறை. அதன் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் உக்கிராணக்காரன். இன்றைய பேச்சில் ஸ்டோர் கீப்பர். வேதாகமத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். விசுவாசிகள் எல்லாரையும் ஆண்டவர் என் தொழிலின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இந்தத் தொழிலில் முதல் நாளே படிக்கிற விஷயம், உள்ளே இருக்கிற எதுவும் என்னுடையதில்லை என்பது. என் பொறுப்பில் நூற்றுக்கணக்கான மூட்டை சீனி இருக்கலாம், வீட்டில் சீனி முடிந்தால் நானும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். இது எல்லாருக்கும் விளங்கும். விளங்க நாளெடுப்பது இன்னொன்று. சாமான் ஸ்டோருக்குள் வருவதே வெளியே போவதற்குத்தான். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புது மூட்டைகளை முன்னால் அடுக்கிவிட்டுப் பழையதை மறந்தால், அது பின்னால் கிடந்து வண்டு பிடிக்கும். களவு போனால் பொலிஸில் ஒரு முறைப்பாடாவது போடலாம். வண்டு பிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சாமான் வந்ததும் போனதும் எழுதுகிற பின் கார்டில் இருப்பது என் கையெழுத்து.

லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வருகிற உக்கிராணக்காரன்மேல் எஜமானிடம் போன முறைப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். திருடினான் என்று சொல்லவில்லை, ஆஸ்திகளை அழித்துப்போடுகிறான் என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன்னால் 12ஆம் அதிகாரத்தில் இன்னொரு பொறுப்பாளன் வருகிறான். அவனுடைய வேலை, வீட்டிலுள்ள வேலைக்காரருக்கு "தகுதியான காலத்திலே" படி கொடுப்பது. படி என்றால் அவரவருக்கு அளந்து கொடுக்கிற சாப்பாடு. எவ்வளவு சேர்த்து வைத்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவர்களுக்கு நேரத்துக்குக் கொடுத்தானா என்பதுதான் கேள்வி.

"தகுதியான காலத்திலே" என்ற அந்த இரண்டு வார்த்தை என்னைப் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும்.

2022 மார்ச், நாட்டின் பொருளாதார நெருக்கடி நேரம். 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறியிருந்தது, அந்த விலைக்கும் கடைகளில் இல்லை. சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் மூலம் முழு விலையும் கொடுத்து 14 பக்கெட் வாங்கி அலுமாரியில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. என் பிள்ளைகளுக்குத்தானே என்று நினைத்தேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தை. அந்தத் தாய் விடிய முன்னமே வரிசைக்குப் போவது எனக்குத் தெரியும், படிக்கட்டில் எதிர்ப்பட்டிருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்களும் தெரியும். "ரெண்டு பக்கெட் குடுப்பம்" என்று மனைவி சொன்னாள். "பொறு, அடுத்த மாதம் என்னாகுதோ" என்றேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன்.

மறு வருடக் கடைசியில் கிறிஸ்மஸுக்கு வீடு ஒதுக்கும்போது அலுமாரியின் பின்பக்கத்தில் ஐந்து பக்கெட் இருந்தது. ஐந்துமே திகதி முடிந்தவை. கம்பனி ஸ்டோரில் என் கவனக்குறைவால் ஒரு பக்கெட்கூடத் திகதி முடிந்ததில்லை. கீழ் மாடிக் குடும்பம் அதற்குள் வீடு மாறிப் போய்விட்டது. நிலத்தில் உட்கார்ந்து அந்த ஐந்து பக்கெட்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருடமும் நான் தசமபாகத்தில் ஒரு சதம் குறைத்ததில்லை.

தம்பி, நீ கேட்டதற்கு என்னுடைய பதில் இந்த அலுமாரியில் இருந்து வருகிறது.

அடுத்தது சம்பளம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரும், மறைக்கப் போவதில்லை. இதற்கு முன்னால் வேலை செய்த ஒரு இடத்தில், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று என் சம்பளத்தில் மாதாமாதம் 8 சதவீதம் பிடித்தார்கள். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்த்து அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். வீட்டுக் கடனுக்காக மீதியை விசாரித்தபோதுதான் பல மாதங்களாக எதுவுமே கட்டவில்லை என்று தெரிந்தது. அந்த முதலாளியும் கிறிஸ்தவர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜெபத்தோடுதான் வேலை தொடங்கும். ஆலயக் கட்டட நிதிக்கு அவர் கொடுத்த தொகையைப் பீடத்தில் அறிவித்தார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்தக் காசில் எங்களுடைய 8 சதவீதமும் கலந்திருந்தது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19 சொல்கிறது. ஒரு இரவுகூடக் கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளில் சமைக்கவும் துடைக்கவும் வருகிற அக்காமாருக்கு, "சில்லறை இல்லை, திங்கட்கிழமை தாறன்" என்று எத்தனை பேர் சொல்கிறோம்? அந்த அக்காவின் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. அந்த ஞாயிறு அவர் வீட்டில் என்ன சமைப்பார்?

தண்ணீர், மின்சாரம், நேரம் பற்றியெல்லாம் எழுதலாம், அது இன்னொரு நாளைக்கு. குப்பையைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2017 ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு, அந்த வருடம் பெரிய வெள்ளியும் அதே நாள். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை நாங்கள் ஆலயத்தில் தியானித்த நாளின் பிற்பகலில், மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்பு நகரம் வருடக்கணக்காக அங்கே கொண்டுபோய்க் கொட்டிய குப்பை அது. நம் வீடுகளில் மிஞ்சிய சோறும், சபை விருந்துகளில் பாதி சாப்பிட்டு மூடி வைத்த புரியாணியும் அதற்குள் இருந்திருக்கும். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தவர், சாப்பிட்டு முடிந்ததும் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார், ஒன்றும் சேதமாய்ப் போகக்கூடாது என்று. நினைத்தால் இன்னும் ஆயிரம் அப்பம் உண்டாக்கக்கூடியவர் சொன்ன வார்த்தை அது.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பிடியரிசி எடுப்பார். உலை வைக்க முன், அரிசி கழுவ முன்னமே, ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கிற சின்ன முட்டியில் போடுவார். சேர்ந்ததைச் சபையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சைவ வீடுகளிலும் கோயிலுக்கும் மடத்துக்கும் இப்படி எடுக்கிற பழக்கம் இருந்தது. வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் பிடி சின்னதாகும், ஆனால் பிடி எடுக்காத நாள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சாப்பிட்டு மிஞ்சியதில் இருந்து அவர் எடுத்ததே இல்லை. முட்டியை மாதக்கணக்கில் நிரம்ப விட்டதும் இல்லை, ஞாயிறு வந்தால் வெறுமையாகிவிடும்.

சபைகளும் இதை யோசிக்க வேண்டும் என்று மரியாதையோடு சொல்கிறேன். ஆறு நாள் பூட்டிக் கிடக்கிற மண்டபங்கள் கொழும்பில் எத்தனை? அதே வீதியில் ஒரே அறையில் ஐந்து பேரோடு இருந்து ஓ/எல் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. திறப்பு ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது.

அந்த ஐந்து பக்கெட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஸ்டொக் எடுக்கிறோம். கம்பனியில் செய்வது போலவே. மகள் கொப்பியில் எழுதுவாள், மகன் எண்ணுவான். குளிர்சாதனப் பெட்டி, மருந்துப் பெட்டி, உடுப்பு அலுமாரி, புத்தகத் தட்டு. ஒரு வருடமாகத் தொடாத சாமான் எது, அதை இன்றைக்குத் தேடிக்கொண்டிருப்பவர் யார் என்று பேசுவோம். போன வருடம் பள்ளிக்கூடச் சப்பாத்து மூன்று சோடி இப்படிப் போனது.

இந்த மாதக் கொப்பியில் கடைசி வரியில் மகள் எழுதியிருக்கிறாள்: "அப்பம்மாவின் சக்கர நாற்காலி, 1." அம்மா போய் இரண்டரை வருடமாகிறது. கட்டிலுக்குக் கீழே மடித்து, அவருடைய போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்கு நேரே "பிறகு" என்று எழுதச் சொன்னவன் நான்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொட, எந்தப் பக்கமானாலும் சரி, யாருக்காவது தேவைப்பட்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். டயர் இரண்டும் நல்லது, வலப்பக்கப் பிரேக் கொஞ்சம் இறுக்கம், அதை இந்தக் கிழமை பார்த்துவிடுவேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. கீழே நானே இறக்கித் தருகிறேன்.