ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்

11 நிமிடம். போன் கால் முடிந்ததும் திரையில் வந்து நின்ற அந்த எண்தான் மூன்று நாளாகக் கண் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு நண்பன் இருப்பான். இல்லை என்று சொல்லாதீர்கள், இன்னும் கையும் களவுமாக மாட்டவில்லை, அவ்வளவுதான்.

சும்மா பேசிக்கொண்டிருந்தோம். அவன் போன் அடித்தது. எங்கள் இருவருக்கும் தோழி. எடுத்தான். அந்தப் பக்கம் அழுகை. உடனே அந்த மகானுபாவர் செய்த முதல் காரியம், ஸ்பீக்கரைப் போட்டது. இரண்டாவது காரியம், ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து எனக்கு ஓர் 'உஷ்'. அவள் அழ ஆரம்பித்து நாலு நொடிகூட ஆகியிருக்காது. யோசித்துச் செய்திருந்தால் கொஞ்சமாவது நேரம் எடுத்திருக்கும். சித்திரம் மட்டுமா கைப்பழக்கம்? இதுவும்தான்.

வேலை போய்விட்டதாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரை எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறாளாம். "உன்கிட்டதான்டா முதல்ல சொல்றேன்" என்றாள். நான் எதிரில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போயிருக்கலாம். நாற்காலியை நகர்த்தினால் அவளுக்குச் சத்தம் கேட்டுவிடுமே என்று போகவில்லை. எனக்குத்தான் எவ்வளவு நாகரிகம் பாருங்கள்!

அப்புறம் ம்யூட். ம்யூட்டில் போட்டுவிட்டு, அவள் மாதிரியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "நான் என்னடா தப்பு பண்ணேன்" என்று நடித்துக் காட்டினான். ம்யூட்டை எடுத்தான். தொண்டை தழுதழுக்க, "அய்யோ, அழாத, நான் இருக்கேன்ல." மறுபடி ம்யூட், மறுபடி மூக்கு. மறுபடி எடுத்து, "சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்." கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆள் சேர்த்துக்கொண்டு கேட்டான். அந்த முகம் மாறுகிற வேகம் இருக்கிறதே, விளக்கைப் போட்டு அணைக்கக்கூட அதைவிட நேரமாகும்.

இரண்டாவது மூக்கின்போது நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்றால் வாய்விட்டு அல்ல, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போனது. அதற்குப் பெயர் சிரிப்புதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

முடிக்கும்போது அவள், "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள். "என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது" என்றான். சத்தியவான்! அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாம் அவள் வாயிலிருந்தே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"ஏன்டா ஸ்பீக்கர்ல போட்ட?" என்று கேட்டேன். "ஜோக்குடா, நீ ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கிற?" ஒரு மனுஷியின் பிழைப்பு போயிருக்கிறது, இதில் நான் எதை லைட்டாக எடுத்துக்கொள்வது? விடாமல் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். "நீயும் சிரிச்சல்ல?"

அவ்வளவுதான். என் வழக்கு தள்ளுபடி.

இன்னொரு நண்பனிடம் போய்ப் புலம்பினால், "அவன் கேரக்டரே அப்படித்தான், ஆனா மனசுல ஒண்ணும் கிடையாது" என்கிறான். அதைத்தான்டா நானும் சொல்கிறேன், ஒன்றுமே கிடையாது!

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்று ஒருவர், 2018-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். அறிமுகமான ஆள் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டுமாம், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். நான் இவனிடம் கொட்டியது அதற்கு எத்தனையோ மடங்கு. ஒட்டுவதற்கு மணிக்கணக்கு சொன்ன புண்ணியவான், பிய்த்துக்கொள்வதற்கும் ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, வள்ளுவரிடமே போவோம் என்று பார்த்தால், மனிதர் 79-லிருந்து 83 வரை ஐந்து அதிகாரம் இதற்கே ஒதுக்கியிருக்கிறார். யாரிடம் பட்டாரோ. 791-இல், ஆராயாமல் நட்புக் கொண்டால் அப்புறம் விடுதலையே இல்லை என்கிறார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், நண்பனானான். எட்டு வயதில் நான் எதை ஆராய்வது? அதே அதிகாரம் முடிவதற்குள் 800-இல், எதையாவது கொடுத்தாவது ஒவ்வாதவன் நட்பை விட்டுவிடு என்கிறார். நடுவில் எட்டே குறள்தான், ஆயுள் தண்டனைக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினால் 805: நண்பன் மனம் நோகும்படி செய்தால், ஒன்று அது அறியாமை, இல்லையென்றால் உரிமை என்று எடுத்துக்கொள். ஐயா, மூன்றாவதாகக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறதே!

அதோடு விட்டிருக்கலாம். 784-ஐயும் பார்த்துத் தொலைத்தேன். நட்பு சிரித்து மகிழ்வதற்கு அல்ல, வரம்பு மீறினால் முந்திக்கொண்டு இடித்துச் சொல்வதற்கு. மூக்கு வழியாகப் போன காற்று ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இப்போது ராத்திரியில் இதுதான் வேலை. இத்தனை வருடத்தில் நான் அவனுக்குப் போன் போட்டு அழுததெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பேசியது. ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன அன்று, முக்கால் மணி நேரம், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசியது. எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவனுடைய அந்த நடிப்பில் என் மூக்குக்கு எத்தனை மார்க்?

நேற்று அவளே மெசேஜ் அனுப்பினாள். "எப்படி இருக்க? வேலையெல்லாம் எப்படிப் போகுது?" நாலு தடவை அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் "சூப்பர், உனக்கு?" என்று போட்டேன். "எனக்கும் சூப்பர்" என்று ஒரு ஸ்மைலியோடு பதில் வந்தது. அந்த மஞ்சள் மூஞ்சியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

இன்று அவனை ஒருவழி பண்ணிவிடுவது என்று முடிவெடுத்தேன். பேச வேண்டியதையெல்லாம் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டுப் போன் போட்டேன். எடுத்ததும், "சொல்லு மச்சி, என்ன குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்றான், தொண்டை தழுதழுக்க. "முதல்ல இதைச் சொல்லு, ஸ்பீக்கர்ல இல்லையே?" என்றேன். "சேச்சே, உன்ன போய் ஸ்பீக்கர்ல போடுவேனா?"

பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த இருமல். 'மனசுல ஒண்ணும் கிடையாது' இருமல்.

மூக்கு வழியாகக் காற்று போய்விட்டது. மறுபடியும்.