"பறிக்காம விட்டிருக்கலாமே"ன்னு கேட்டவருக்கு

2020 கொரோனா ஊரடங்குல வாங்க ஆளில்லாம விவசாயிங்க கொட்டின அந்த வெத்தலைப் படமும் அதுக்குக் கீழே வந்த கமெண்ட்டும் எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும். வாய்க்கால் கரையில கூடை கூடையாக் கொட்டிக் கிடந்துச்சு. "விக்காதுன்னு தெரியும்ல? பறிக்காம கொடியிலேயே விட்டிருக்கலாமே, எதுக்கு இந்த நாடகம்?" அதுக்கு எத்தனை லைக்!

பறிக்காம விட முடியாது சார். மரத்துலயே இருக்கட்டும்னு விட இது தேங்காய் இல்ல. கும்பகோணம் வட்டாரத்துல ராஜகிரி, பண்டாரவாடை, ஆவூர் பக்கம் ஒரு கொடிக்காலுக்குள்ள, அதான் வெத்தலைத் தோட்டத்துக்குள்ள, குனிஞ்சு நுழைஞ்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா கிள்ளுற இலையை விட்டா முத்திச் சக்கையாகும், மஞ்சளாகி உதிரும். அதோட போச்சா? இலை அடைஞ்ச கொடிக்குள்ள காத்து நுழையாம, புழுக்கத்துல அழுகல் வரும். 15, 20 நாளைக்கு ஒருக்கா நுனியை வாழைநாரால, கொடி படர நட்ட அகத்தியோட கட்டணும், அதுவும் தளர்வா. இறுக்கினா கொடி அறுபடும், கட்டாம விட்டா தொங்கும். அகத்தித் தலையை வெட்டலைன்னா கோடைக் காத்துல கொடியோட சாயும். ஆத்துல தண்ணி இல்லாத மாசம், மோட்டார்தான் கதி. கத்திரி வெயில்ல காஞ்சா கொடி சுருங்கும். தண்ணி தேங்கினா வேர் அழுகி வாடல் நோய் வரும், அதே தண்ணியோட அடுத்த பாத்திக்கும் போயிரும். கொடிக்கு யார் 144 போடுறது?

"சரி, பறிச்சு வச்சுக்கலாமே"ன்னு அடுத்த அறிவாளி. வைக்கலாமே! நிழல்ல ஈரச்சாக்கு போட்டு, தினம் பிரிச்சு, அழுகினதைப் பொறுக்கி எடுத்து மறுபடி அடுக்கினா ஒரு வாரம் தாங்கறதே பெரிசு. நெருக்கி அடுக்கினா நடுவுல சூடேறி வெந்துடும். அந்த ஒரு வாரத்துல யார்கிட்ட விக்கிறது? கோயில் பூட்டிக் கிடந்துச்சு. சித்திரை முகூர்த்தம் பூராவும் தள்ளிப்போச்சு. ரயில் ஓடல. விவசாய வேலைக்கு மார்ச் கடைசியிலேயே விலக்கு கொடுத்தாச்சேன்னு உத்தரவை நீட்டுறீங்க. அந்த விலக்கை வச்சுக் கொடிக்காலுக்குப் போகலாம். வாங்குறவன் எங்கேருந்து வந்திருப்பான்?

"வெத்தலை என்ன அத்தியாவசியமா, போட்டுத் துப்பித்தானே நோய் பரவுது"ன்னு ஒரு அக்கா. துப்பக் கூடாது, அதுல பேச்சே இல்ல. ஆனா மே 7 அன்னைக்கு டாஸ்மாக் வாசல்ல நின்ன வரிசை எந்த அத்தியாவசியம்? அதையும் கேட்டாங்கதான், கோர்ட்டு வரைக்கும் போனாங்க. வெத்தலைக்காக யார் கோர்ட்டுக்குப் போனது?

நிச்சயதார்த்தத் தட்டுல முதல்ல வெத்தலை வேணும். படையலுக்கு வேணும். தாம்பூலப் பையில ரெண்டு குறைஞ்சா சம்பந்தி வீட்டுல முகம் சுருங்கும். ஆனா அதைக் கிள்ளுற பொம்பளைங்க ஒவ்வொண்ணாக் காம்போட கிள்ளி, நூறு எண்ணிக் கவுளி கட்டினது உங்களுக்கு நாடகம். கொட்டத்தான் போறோம்னு தெரிஞ்சே அந்தக் கூலியைக் கொடுத்தவன் நாடகக்காரன். நல்லா இருக்கு உங்க நியாயம்.

ஆட்டுக்குப் போடலாமாம். அகத்திக்கீரைன்னா ஆடு விடாது. வெத்தலையை மூட்டை மூட்டையாத் தின்னுமா? எருவா அங்கேயே போடலாமாம். அழுகின இலையைக் கொடி மூட்டுல போட்டா நோயை நாமே விதைச்ச மாதிரி. அதனாலதான் சார் வாய்க்கால் கரைக்கு வந்துச்சு, நீங்க போட்டோ பார்க்கறதுக்காக இல்ல.

இன்னும் சந்தேகம்னா நேர்ல வாங்க. அடுத்த பறிப்புக்கு இலை தயாராயிட்டுத்தான் இருக்கு. வரும்போது ரெண்டு கூடை கொண்டு வாங்க.